அவன் பேரில் நான் வாங்கிய ஓட்டு

அவன் எழுதியதற்கு ஓட்டு வாங்கிப் போட்டது நான்தான். அவனுக்குத் தெரியாமல் செய்தேன். அதை அவனிடம் சொல்ல எனக்கு ஒன்றேகால் வருஷம் ஆனது. சொன்ன பிறகும் நெஞ்சில் இருந்தது இறங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருப்பவன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அவனும் நானும் அந்த எட்டு வருஷமும் தென்காசியில் ஒரே பெஞ்ச். அவன் வடகரைப் பையன். பத்தாவது வரை போய், கொஞ்ச நாள் ஜவுளிக்கடையில் நின்று, இருபத்து மூன்று வயதில் கல்ஃபுக்குப் போனான். அங்கே ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டின் குளிர் கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலை. இருபத்திரண்டு வருஷம் அதே வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவான். வந்தால் என்னைப் பார்க்க லாட்ஜுக்கு வருவான்.

அந்தத் தடவை டிசம்பரில் வந்தான். முதுகு சரியில்லை என்று லீவை நீட்டிக்கொண்டே இருந்தான். ஆறு மாசத்துக்குள் திரும்பிப் போய்விட வேண்டும், இல்லையென்றால் விசா போய்விடும். அதாவது ஜூன் மாசம் பிறக்கும்போது அவன் விமானத்தில் இருக்க வேண்டும்.

சீசன் முடிந்து, சபரிமலைக்குப் போகிற சாமிமாரும் போய்விட்டால் லாட்ஜில் ஈ காக்கை கிடையாது. அந்த மாசங்களில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. கிரிப்டோ காயின் கொடுக்கிற ஒரு தளத்தில் தமிழில் எழுதுவேன். ரூம் எடுக்க வருகிறவர்களைப் பற்றி, ஐந்தருவிக் குரங்குகளைப் பற்றி, இப்படி ஏதாவது. படிக்கிறவர்கள் ஓட்டு போட்டால் காயின் வரும். அவன் வந்திருந்தபோது கவுண்டரில் என் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துவிட்டு, "நானும் எழுதட்டுமாலே?" என்றான்.

"உனக்கு என்னலே எழுதத் தெரியும்?"

"எட்டாங்கிளாசு நீயே எழுதும்போது பத்தாங்கிளாசு எழுதக்கூடாதா?"

அவனுக்கு ஐடி திறந்து கொடுத்தது நான். பாஸ்வேர்டை லாட்ஜின் பழைய ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வைத்தேன். அந்தத் தளத்தில் பாஸ்வேர்ட் தொலைந்தால் யாரும் திருப்பித் தர மாட்டார்கள். அந்தப் பயத்தில் என் போனிலும் போட்டுக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அவன் எழுதியதை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். பிழை திருத்திப் போடச் சொன்னான். அது குளிருக்குப் போடுகிற ஒரு கோட்டு பற்றியது. குளிர் கிடங்கில் மூன்று ஷிப்டுக்கும் சேர்த்து ஒரு கோட்டுதான். இவன் கழற்றி மாட்டிவிட்டு வந்தால் அடுத்த ஷிப்ட் ஆள் போட்டுக்கொள்வான். அந்த ஆள் யார், எந்த நாடு என்று இவனுக்குத் தெரியாது. ஒரு நாள் கோட்டுப் பையில் கைவிட்டபோது ஒரு புதினா மிட்டாய் இருந்ததாம். மறுநாள் இவன் ஒன்று வைத்தான். விரலில் அடிபட்ட வாரம் ரத்தக்கறையைப் பார்த்துவிட்டு அந்த ஆள் இரண்டு பிளாஸ்திரி வைத்திருந்தான். ஒன்றரை வருஷம் இப்படியே போயிருக்கிறது. பிறகு ஒரு வாரம் பை காலியாக இருந்தது. அடுத்த வாரமும் காலி. யாரிடம் போய்க் கேட்பது, பேரே தெரியாதே என்று முடித்திருந்தான்.

நான் கவுண்டரை விட்டு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். ஒரு பிழையைக்கூடத் திருத்தவில்லை. திருத்த வேண்டிய இடம் எனக்குத் தெரியவில்லை.

அதற்கு மூன்று ஓட்டு விழுந்தது. அதில் ஒன்று என்னுடையது.

அந்தத் தளத்தின் சங்கதியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அங்கே எல்லா ஓட்டும் ஒன்றல்ல. யார் கையில் காயின் நிறைய இருக்கிறதோ அவர் ஓட்டுக்குக் கனம் கூடுதல். என்னைப் போன்றவன் நூறு பேர் போட்டாலும் பெரிய ஆள் ஒருவர் போட்டதற்கு ஈடாகாது. அந்தப் பெரிய ஆட்கள் சிலர் தங்கள் ஓட்டை வாடகைக்கு விட்டார்கள். ஆள்கூட உட்கார்ந்திருக்க வேண்டாம், எல்லாம் தானாக நடக்கும். அவர்கள் ஐடிக்குக் காயின் அனுப்பி, பதிவின் லிங்க்கையும் கூடவே போட்டால் கொஞ்ச நேரத்தில் கனமான ஓட்டு ஒன்று வந்து விழும். அங்கே தமிழில் எழுதுகிறவர்கள் சேர்ந்து வைத்திருந்த எங்கள் தமிழ் குரூப்பில் பாதிப் பேர் வாங்கினார்கள். நானும் என் பதிவு ஒன்றுக்கு வாங்கிப் பார்த்து, இது தப்போ என்று நாலு நாள் குழம்பி, பிறகு விட்டிருந்தேன்.

மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை வடகரைக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். அவன் மனைவி என்னைப் பார்த்ததும், "அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. இருபத்திரண்டு வருசம் போதாதா? இங்கனயே ஒரு தொழிலப் பாருங்கன்னா கேக்காவளா?" என்றார்.

"இங்கன எனக்கு என்ன தெரியும்? அட்டப்பெட்டி அடுக்கத் தெரியும்," என்றான் அவன்.

"எழுதத் தெரியுதுல்லா?"

அவன் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தான். சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. "வெளையாட்டுக்குச் சொல்லல மாப்ள. இத எழுதுன பெறகுதான் நானும் மனுசன்னு தோணுது. நாலு பேரு படிக்கான்னு தெரிஞ்சாப் போதும். சின்னதா ஒரு கடையப் போட்டுக்கிட்டு எழுதிக்கிட்டு இங்கனயே கெடப்பேன். ஒருத்தனும் படிக்கலன்னா எதுக்கு? பேசாம பிளேன் ஏறிருதேன்."

அவன் மனைவி கையில் கரண்டியோடு அப்படியே நின்றார். அவர் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

திரும்பி வருகிற பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். எனக்கு அது தப்பாகவே படவில்லை. ஏன் படவில்லை என்றால், எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. சொந்தத்தில் கையில் இல்லாதவன் இருந்தால், இருக்கிறவன் அவன் பேரில் மொய் எழுதிவிடுவான். சபையில் அவன் தலை குனியக் கூடாது என்பதற்காக. என் அக்கா மகள் கல்யாணத்தில் தாய்மாமன் மொய்க்கு நான் திண்டாடியபோது, இவன்தான் கல்ஃபிலிருந்து பணம் அனுப்பி என் பேரில் எழுத வைத்தான். மைக்கில் என் பேரைச் சொன்னார்கள். இன்றைக்கு வரை என் அக்காவுக்கு அது தெரியாது. அவன் எனக்குச் செய்ததை நான் அவனுக்குச் செய்கிறேன், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

என் ஐடியிலிருந்து வாங்கினால் குரூப்பில் யாராவது பார்த்து அவனிடம் சொல்லிவிடுவார்களோ என்று பயம். ஆகவே என் காயினை அவன் ஐடிக்கு மாற்றி, அவன் ஐடிக்குள் போய், அவன் பேரிலேயே ஓட்டு விற்கிறவர்களுக்கு அனுப்பினேன். பாஸ்வேர்ட்தான் என்னிடம் இருந்ததே. அவனுக்கு எழுதியதைப் போடத் தெரியும், ஓட்டு பார்க்கத் தெரியும். வரவு செலவுப் பக்கத்தைத் திறக்கத் தெரியாது. மொய் நோட்டில் அவன் பேர் இருந்தால் அவனுக்கு மரியாதை. இங்கேயும் அப்படித்தான் என்று நம்பினேன். இந்தத் தளத்தின் நோட்டை உலகத்தில் எவன் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம் என்பதும், ஒரு வரியைக்கூட அழிக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தது அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

ஓட்டு ஏறியது. அவன் வாரம் இரண்டு எழுதினான், நான் இரண்டுக்கும் வாங்கினேன். ஒரு மத்தியானம் தூக்குச்சட்டியில் நெய்ச்சோறோடு லாட்ஜுக்கு வந்தான்.

"ஏலே, எவம்லே இவன்? திமிங்கலப் படம் போட்டிருக்கான். நான் என்ன எழுதுனாலும் ஓட்டு போடுதான்."

"வெளிநாட்டு ஆளா இருக்கும்."

"தமிழ் தெரியுமா?"

"மொழிபெயர்த்துப் படிப்பானா இருக்கும்," என்றேன். சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"படிச்சிட்டு ஒரு வார்த்த எழுதலாம்லா? நல்லாருக்கு, நல்லால்ல, என்னமாவது. கூச்சப்படுதான் போல." அவனாகவே சிரித்துக்கொண்டான். "என் வீட்ல அவனுக்காகத் துஆ கேக்கா. பேரு வாயில நொழையல. 'அந்தத் திமிங்கலத்துக்கு நல்ல சீவியத்தக் குடு அல்லா'ன்னு கேக்கா."

நானும் சிரித்தேன். தூக்குச்சட்டியைக் கழுவிக் கொடுத்தேன்.

மே கடைசியில் போன் செய்தான். "டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன் மாப்ள."

"நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

"வீட்ல கேட்டியா? இன்னொரு வருசம் மட்டும் போயிட்டு வந்தா என்ன?"

"நீ பஸ்ஸுல ஏறுனா உன் மூஞ்சியப் பாத்து டிரைவருக்கே பயம் வந்துரும்லே. வையி போன," என்றான். அப்படியொரு சந்தோஷம் அவன் குரலில் நான் கேட்டதில்லை. அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். டிக்கெட்டைத் திரும்பப் போட அப்போதும் நாலைந்து நாள் இருந்தது. நான் போனை வைத்துவிட்டு, பத்தாம் நம்பர் ரூமில் பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன். இரண்டு தடவை பார்த்தேன்.

விசா தேதி முடிந்தது. வடகரையில் ரோட்டைப் பார்த்து ஒரு சின்ன இடம் பிடித்து, நோட்டு, பேனா, ஜெராக்ஸ் என்று கடை போட்டான்.

ஜூலையில் நல்ல சாரல். லாட்ஜ் நிறைந்து, வராண்டா கம்பியெல்லாம் ஈரத் துண்டு. கவுண்டரில் ஏழெட்டுப் பேர் ரூம் கேட்டு நிற்கும்போது அவன் போன் வந்தது. நான் எடுக்கவில்லை. மறுபடியும் வந்தது. ஆறாவது தடவை எடுத்தேன்.

"என் பதிவ காணல. மங்கலாக் கெடக்கு. காயினும் சைபர்னு காட்டுது. அடியில இங்கிலீசுல என்னமோ எழுதிருக்கான். மொழிபெயர்த்துப் பாத்தா ஓட்டுத் திருடன்னு வருதுலே."

காசு கொடுத்து ஓட்டு வாங்குகிறவர்களைப் பிடிக்க அந்தத் தளத்தில் சிலர் சேர்ந்திருந்தார்கள். அவர்களிடமும் கனமான ஓட்டு இருந்தது. அதை எதிர் ஓட்டாகப் போட்டுப் பதிவைக் கீழே அமுக்குவார்கள். அவன் பதிவு எல்லாவற்றிலும் வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஆதாரத்துக்கு வரவு செலவுப் பக்கத்தின் லிங்க்கும் இருந்தது.

"நான் வாங்கலையேலே. நீ சொல்லு, நான் வாங்குனேனா?"

முன்னால் நின்ற ஆள், "ரூம் இருக்கா இல்லையா அண்ணாச்சி?" என்றார். நான் அவருக்கு இல்லை என்று தலையாட்டினேன். போனில், "எவனாவது ஹேக் பண்ணிருப்பான்," என்றேன்.

அந்த ஒரு பொய்யை நம்பி அவன் ஒரு காரியம் செய்தான். என்னிடம் கேட்காமல், தமிழில், எல்லோரும் பார்க்க எழுதினான். அல்லா மேல் ஆணையாக நான் யாருக்கும் காசு கொடுக்கவில்லை, ஒரு ஓட்டைக்கூட வாங்கவில்லை, என்னுடைய பிள்ளைகள் ஹலாலான சோற்றைத் தின்று வளர்ந்தவர்கள் என்று. அதற்குக் கீழே எதிர் ஓட்டு போட்டவர்கள் வந்தார்கள். அவன் ஐடியிலிருந்து போன ஒவ்வொரு வரியையும் எடுத்து வரிசையாக ஒட்டினார்கள். இருபத்தாறு வரி. அந்தக் காயின் முதலில் யார் ஐடியிலிருந்து வந்தது என்று எவனும் பார்க்கவில்லை. அவன் பாஸ்வேர்ட் இல்லாமல் ஒரு வரிகூட நடக்காது என்று கடைசியில் எழுதியிருந்தார்கள். எங்கள் தமிழ் குரூப்பில், தாங்களும் வாங்கியவர்களே அவனை 'ஓட்டு பாய்' என்று கேலி செய்தார்கள். பொய்ச் சத்தியம் பண்ணுகிறவன் என்று ஒருவன் எழுதினான். அவன் செய்த சத்தியத்தில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்பது எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

எதிர் ஓட்டு போட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. பல நாள் வந்தது. ஆனால் அவர்கள் செய்தது சரிதான். தளம் தினமும் விடுகிற காயின் ஒரே குவியல்தான். அன்றைக்கு எழுதிய எல்லோருக்கும் ஓட்டுக்குத் தக்கபடி பங்கு பிரியும். நான் வாங்கிய கனத்துக்கு அவனுக்குக் கூடியது என்றால், ஒழுங்காக எழுதிவிட்டுச் சும்மா இருந்த யாருக்கோ குறைந்திருக்கிறது. மெயின் அருவியில் தண்ணீர் கம்மியாக விழுகிற நாளில் இரண்டு தடியன்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுவிலேயே நின்றுவிட்டால், பின்னால் இருப்பவன் தோள்கூட நனையாமல் திரும்புவான். அப்படித் திரும்புகிறவர்களை நான் முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். இருந்தும் என் கூட்டாளியை நானே கொண்டுபோய் அந்தக் கம்பியில் நிறுத்தினேன். அவன் கண்ணைக் கட்டி நிறுத்தினேன்.

அவன் எழுதுவதை விட்டான். கடையில் ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் வந்தார்கள், போனார்கள். அந்த வரும்படி கடை வாடகைக்கே சரியாகப் போனது. ஜனவரியில் வேறொரு ஏஜென்ட் மூலமாக வேறொரு நாட்டுக்கு விசா வாங்கினான். பழைய வேலை இல்லை. கட்டடத்தில் துப்புரவு வேலை, பழைய சம்பளத்தில் பாதி. நாற்பத்தாறு வயதில், முதுகு வலியோடு.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குக் காரில் நானும் கூடப் போனேன். வழியில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். புளியறை செக்போஸ்டில் லாரிகள் வரிசையாக நின்றன. இறங்கி டீ குடித்தோம்.

"எதலே முழுங்கிக்கிட்டே வார? வயித்த வலிக்கா?" என்றான்.

"ஒண்ணுமில்ல."

"நான் போறதுக்கு நீ ஏம்லே அழுத? என் பொண்டாட்டியே இந்தத் தடவ அழல."

அது உண்மை. அவன் மனைவி வாசலில் என்னிடம், "அண்ணே, பாத்துக் கூட்டிட்டுப் போங்க," என்று மட்டும் சொன்னார். அழவில்லை. அதைக் கேட்ட பிறகு எனக்கு வாய் வரவில்லை. மலை ஏறி, ஆரியங்காவு தாண்டி, ஏர்போர்ட் வாசல் வரை போனோம். அவன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

ஜூனில் சொன்னேன். லாட்ஜில் தலையணை, போர்வை அடுக்குகிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாய்ஸ் மெசேஜாகப் பேசினேன். மூன்று தடவை பேசி அழித்து, நாலாவதை அனுப்பினேன். மொய்யைச் சொன்னேன், பாஸ்வேர்டைச் சொன்னேன், ஹேக் என்று பொய் சொன்னதையும் சொன்னேன். அதே நாளில் அவனுடைய அந்தச் சத்தியத்துக்குக் கீழே என் ஐடியில், வாங்கியது நான், இவருக்கு எதுவும் தெரியாது என்றும் எழுதினேன். அதற்கு யாரும் பதில் எழுதவில்லை. அவனைத் திட்டியவர்கள் எப்போதோ வேறு ஆளைத் திட்டப் போயிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டான். கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அப்போ ஒருத்தனும் படிக்கலையாலே?"

"நான் படிச்சேன்."

"உன்னக் கேக்கல. நீ என் கூட்டாளி. கேட்டிருந்தா பலசரக்குச் சிட்டையக்கூடப் படிச்சிருப்ப."

அவன் போனை வைத்த பிறகு உட்கார்ந்து அவன் எழுதிய பதிவுகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். விழுந்த ஓட்டில் எது வாங்கியது, எது தானாக வந்தது என்று பார்த்தேன். முக்கால்வாசி நான் வாங்கியது. மீதியில் பாதி, பெரிய ஓட்டு விழுந்த இடத்தில் தங்களுக்கும் பங்கு வரும் என்று பின்னாலேயே வந்து விழுந்தவை. நல்ல பதிவு நண்பரே என்று எல்லோருக்கும் ஒரே வரியை ஒட்டுகிறவர்கள் சிலர்.

கோட்டு பற்றி எழுதியதில் மங்கலாகக் கிடந்த பகுதியை விரித்தபோது, திட்டுகளுக்கெல்லாம் அடியில் ஒரு பெண் தமிழில் எழுதியிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கத்தைத் திறக்கப் பயந்து விட்டுவிட்ட பிறகு எழுதியிருக்கிறார். தன் அப்பாவும் குளிர் கிடங்கில்தான் இருந்தார், ஊருக்கு வந்த பிறகும் உச்சி வெயிலில் நிற்கும்போதுகூடக் கையை அக்குளுக்குள் வைத்துக்கொள்வார், ஏன் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது, அவர் இறந்து நாலு வருஷம் ஆகிறது, நீங்கள் இன்னும் எழுதுங்கள் என்று.

 அதைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பினேன். ஓட்டு இல்லை, காசு இல்லை, ஒரு மனுஷி படித்திருக்கிறார் பார் என்று கீழே எழுதினேன். உடனே கூப்பிட்டான். பின்னால் தண்ணீர் குழாய் சத்தம் கேட்டது. பக்கெட்டை நகர்த்தினான்.

"நல்லா எழுதிருக்கு," என்றான்.

"ஆமா."

"இதுக்கு எவ்வளவு குடுத்த?"

"ஏலே, சத்தியமா..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டேன்.

"சரி விடு. என்னத் தேத்துறதுக்குத்தான் செய்யுத, தெரியும்," என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். "எனக்கு வேல கெடக்கு."

அந்தப் பெண்ணுக்கு, தயவு செய்து நீங்களே அவருக்கு ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்டு எழுதினேன். அவர் அந்தத் தளத்துக்குக் கடைசியாக வந்து பத்து மாசம் ஆகிவிட்டது என்று காட்டியது. பிறகு என் ஐடியின் வரவு செலவு, அவன் ஐடியின் வரவு செலவு, இரண்டையும் முதல் நாளிலிருந்து எடுத்தேன். அந்தப் பெண்ணின் பேருக்கு ஒரு காயின்கூடப் போகவில்லை என்று தெரிகிற மாதிரி பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, ஒன்று விடாமல் அவனுக்கு அனுப்பினேன்.

இன்னும் அவன் அதைத் திறக்கவில்லை.